வாறன் என்ற சொல் போதும்

பேசாலை,
ஐப்பசி 6

அன்பு மகன் ஜெனோஜனுக்கு,

மடு மாதாவின் காவலில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்பது நீ போடுகிற படங்களிலேயே தெரிவதால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. கையில் போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால், சரியப்பா வேலைக்கு நேரமாச்சு வாறன் என்று சொல்லி வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்துப் போட்டாலும் மிச்சம் உள்ளேதான் இருக்கும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனாலும் காலைப் பூசையை விடுவதில்லை. சோளகக் காற்று அடங்கிவிட்டது, கிணற்றுத் தண்ணீர் இந்த வருடமும் உப்பாகிவிட்டதால் குடிக்கிறதுக்கு தண்ணீர் பவுசர் லொறி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐஸ் கொம்பனியில் எனக்கு இப்போது பகல் வேலைதான். றஞ்சிதா வீட்டிலிருந்தே பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக் கொடுக்கிறாள், நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். றஞ்சிதா உன் மனைவி, மறந்திருந்தால் என்று சொல்லி வைக்கிறேன்.

நான் எழுத வந்தது உன் மகள் டினோஜாவைப் பற்றி. நீ விமானம் ஏறிய நாளில் பாலர் பள்ளிச் சட்டையோடு வாசலில் நின்றவள் இப்போது ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். நீ வேலை செய்கிற சாப்பாட்டுக்கடையின் குசினிக்குப் பக்கத்தில் ஒரு நடன மண்டபம் இருக்கிறது அல்லவா, பாத்திரம் கழுவிக்கொண்டே நீ அனுப்புகிற குரல் செய்திகளில் உன் பேச்சுக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கனமாக ஏதோ அதிர்கிற சத்தம் எப்போதும் கேட்கும். நாங்கள் உன் பேச்சைக் கேட்டோம், அவள் அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டாள். அது என்ன என்று உன்னிடமே கேட்டாள். அது எலெக்ரோனிக் டான்ஸ் மியூசிக், கீழே அதிர்கிறது சிந்த் பேஸ், ஒரு வாத்தியத்திலும் இல்லாமல் மிசினில் உண்டாக்குகிற சத்தம் என்று நீ அன்றைக்கு நல்ல பொறுமையாக விளக்கம் சொன்னாய், அப்பா வந்து எல்லாம் காட்டித் தருவேன் என்றும் சொன்னாய். தெரிந்த பொடியன் ஒருவனிடம் லப்டொப் கொடுத்து அனுப்பினாய், அது நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. லப்டொப் வந்தது, நீ வரவில்லை.

பிள்ளை தானே தட்டித் தடவிப் பழகினாள். ஆனால் லப்டொப்பின் சின்ன வாயில் பேஸ் வராதாம். உள்ளே இருக்கிறது அப்பப்பா, ஆனால் கேட்காது, பெரிய ஸ்பீக்கர் பெட்டி வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றாள். ஐஸ் மிசின் இரைச்சலுக்கு ஒரு காதைக் கொடுத்துவிட்ட என்னிடம்தான் அவள் வர வேண்டியிருந்தது, வேறு யாரிடம் போவாள். மன்னார் ரவுனில் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் சவுண்ட்ஸ் கட்டுகிற சாஹுல் ஹமீட்டை உனக்குத் தெரியும், ஞாயிறு பூசை முடிய அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். மனுசன் முகம் கோணாமல் பின்பக்க ஸ்ரோரைத் திறந்து இரண்டு பேஸ் பெட்டியில் வயரைக் கொழுவிவிட்டார். முதல் சத்தத்துக்கே தகரக் கூரை நடுங்கியது, அவர் மனைவி நசீறா கிணற்று மோட்டார் எரிகிறதாக்கும் என்று ஓடி வந்தார், வாசல் நிழலில் கிடந்த கழுதைகள் எழும்பி சந்திப் பக்கம் போய்விட்டன. எனக்குக் காதில் கேட்டதைவிட நெஞ்சுக் கூட்டுக்குள்தான் அதிகம் கேட்டது. பிள்ளை சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனோம். ஒரு சத்தத்தை எடுத்து உருட்டையாக்குவாள், பிறகு வாள் அரிகிற மாதிரிக் கரகரப்பாக்குவாள், மூடுவாள், திறப்பாள், எதுக்குப் பிள்ளை இது என்று நான் கேட்டால் சலிக்காமல் சொல்லுவாள். டிரம் அடிக்கிற நேரம் பேஸ் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டு அடுத்த கணமே திரும்ப வருமாம், அந்தப் போக்குவரத்தில்தான் ஆட்களுக்கு ஆடத் தோன்றுமாம். “ஒவ்வொரு அடிக்கும் போயிட்டு வரும் அப்பப்பா, வராமல் விட்டால் பாட்டு செத்துப் போகும்” என்றாள்.

விசா கார்ட் இல்லாமல், வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று இருந்த காலத்தில் நீ வராததை நாங்கள் குறையாக எடுக்கவில்லை, அது உண்மை. கார்ட் கிடைக்க வேண்டும் என்று உன் அம்மா அந்த முழங்காலோடு மடுவுக்கு நடந்து நேர்த்தி முடித்தார். கிடைத்தது. ஆவணித் திருவிழாவுக்கு வருகிறேன், ரிக்கற் பார்த்துவிட்டேன் என்றாய். பங்கு இளையோர் விழாவில் போடுவதற்கென்று டினோஜா ஒரு பாட்டுச் செய்துகொண்டிருந்தாள், டிரம் இருந்தது, மேலே ஓடுகிற சத்தங்கள் இருந்தன, பேஸ் வைக்கிற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். அப்பா வந்து தெரிவு செய்யட்டும் என்றாள். நீ லீவு கிடைக்கவில்லை என்று செய்தி அனுப்பினாய். அதே கிழமை உன் கூட்டாளி ஒருவன் போட்ட படத்தில் நீ ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் அரைக் காற்சட்டையோடு நிற்கிறாய். அந்தப் படத்தை எனக்குக் காட்டியது உன் மகள். கடல் பார்க்க ஆசை என்றால் இங்கே வாசலிலேயே கிடக்கிறது மகன்.

அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அழவில்லை. கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு லப்டொப்போடு இருந்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள். உன் குரல் செய்திகள் எல்லாவற்றையும் அவள் அழிக்காமல் வைத்திருக்கிறாள், எல்லாம் ஒரே சொல்லில்தான் முடிகிறது, நத்தாருக்கு வாறன், ஆவணிக்கு வாறன், சரி பிள்ளை வாறன். அந்தச் சொல்லை மட்டும் ஒவ்வொன்றிலும் வெட்டி எடுத்து, அதைக் கீழே கீழே இறக்கி, நீட்டி, மனிதக் குரல் என்றே தெரியாத அளவுக்குக் கொண்டுபோய் பேஸ் ஆக்கி வைத்திருக்கிறாள். வெறுமையாகக் கிடந்த இடம் நிரம்பிவிட்டது. வாய் விட்டு ஏசலாம் என்றால் யாரை ஏசுவது ஜெனோஜன். நீ காட்டித் தருவதாகச் சொன்னதை அவள் உன்னை வெட்டித்தான் படித்திருக்கிறாள்.

விழாவுக்கு சாஹுல் ஹமீட் நான்கு பெட்டி கொண்டு வந்து இறக்கினார். மண்டபத்தில் ஒரு பிள்ளையும் கதிரையில் இருக்கவில்லை, அப்படி ஆடினார்கள். பங்குச் சுவாமி கிட்ட வந்து இந்தச் சத்தம் எந்த வாத்தியம் பிள்ளை என்று கேட்க, இவள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், அது அப்பா அனுப்பினது சுவாமி என்றாள். அவர் நல்ல அப்பா என்று தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். றஞ்சிதாவுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பாட்டு பாதியில் எழும்பி வெளியே போனாள், பின்னாலே போனேன், தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். “மாமா, அது அவற்ற குரல்” என்றாள். ஓம் என்றேன். உள்ளே எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன கிழமை திரும்பவும் உன் செய்தி வந்தது, மார்கழியில் நத்தாருக்குக் கட்டாயம் வாறன் என்று. முன்பென்றால் அடுப்படிக்கு ஓடிப்போய்த் தாயிடம் சொல்லுவாள், கலண்டரில் வட்டம் போடுவாள். இந்த முறை கடைசி வரைக்கும் கேட்டாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், பிறகு என்னிடம் வந்தாள். “அப்பப்பா, வாறன் எண்டு எனக்கு நிறையக் கிடக்கு. பாட்டு முடியிற இடத்துக்கு ஒரு சொல் வேணும். போறன் எண்டு ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ.” கோபத்தில் சொல்லவில்லை, உப்புக் குறைகிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நம் வீட்டில் ஒருவரும் படலையைத் தாண்டும்போது அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தொண்ணூறில் இடம்பெயர்ந்து வள்ளம் ஏறின அன்றும் உன் அம்மா பூட்டின வீட்டைத் திரும்பிப் பார்த்து வாறம் என்றுதான் சொன்னார். சொன்னபடி வந்தோம், வெறும் சுவர்தான் நின்றது என்றாலும் வந்தோம். வருகிறவனும் வாறன் என்கிறான், போகிறவனும் வாறன் என்கிறான், இவ்வளவு காலமும் நீ அதில் எதைச் சொன்னாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நத்தாருக்கு நீ உண்மையாகவே வந்து வாசலில் நின்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்து எறி, மகளோடு பஸ் ஏறி சாஹுல் வீட்டுக்குப் போய் அவள் செய்ததைப் பெரிய பெட்டியில் கேள், நான் பழைய கதை ஒன்றும் எடுக்கமாட்டேன். வரமாட்டாய் என்றால் அவள் கேட்டதை அனுப்பிவிடு. இரண்டில் ஒன்றைச் செய், இன்னொரு வாறன் இந்த வீட்டுக்கு வேண்டாம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, நின்றபடி சாப்பிடாதே. மடு மாதா உன்னை எந்த ஆபத்தும் இல்லாமல் காப்பாற்றட்டும், அம்மாவின் செபமாலையில் உன் பெயர் இன்னும் முதலாவதாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அனுப்புவதானால் குசினிக்குள் நின்று பேச வேண்டாம், வெளியே ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று சொல். பின்னால் அந்த மண்டபத்துச் சத்தம் வரக்கூடாதாம், சொல் மட்டும் தெளிவாக வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
லோறன்ஸ்