சுரைக்கொடிப் படத்துக்குக் கீழே உங்கள் பெயர்

என் தாஸ் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. தாம்பரம் பக்கம் அகல ரயில்பாதை வேலை நடக்கிறது. தண்டவாளத்தோரம் நீங்கள் படம் எடுத்த கோவைக்கொடி, கேட் கீப்பர் அறை, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டார்கள்.

பத்திரிகைக்கு ஊர்வலங்களை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஃபிலிமோடு சானடோரியத்திலிருந்து குரோம்பேட்டைவரை நடப்பீர்கள். பழைய ஸ்லீப்பர் கட்டைகளால் ஆன குப்பம்மாவின் வீட்டை, கூரையே தெரியாமல் சுரைக்கொடி மூடிய அந்த வீட்டை, எத்தனை முறை எடுத்திருப்பீர்கள்?

"இன்னா சார், எம் மூஞ்சிய வுட்டுட்டு சொரக்காய போட்டோ புடிக்கிற?" என்பார் குப்பம்மா.

"அதுதாம்மா ஆடாம நிக்குது" என்பீர்கள்.

நீங்கள் வேளாங்கண்ணி போயிருந்த வாரம், ரயில் பாதையோர ஆக்கிரமிப்புகள் பற்றி எழுதினேன். படம் வேண்டும் என்றார் செய்தி ஆசிரியர். உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த வீட்டின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். நம் வழக்கப்படி செய்திக்கு மேல் 'நமது நிருபர்' என்று மட்டும். படத்துக்குக் கீழே உங்கள் பெயர்.

பத்தே நாளில் வீட்டைப் பிரித்துப் போட்டார்கள்.

யாரோ பெயரைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "சொரக்கா பறிச்சு பறிச்சு குடுத்தனே, காட்டிக் குடுத்துட்டியே சார்" என்று குப்பம்மா பேப்பரை நீட்டியபோது நானும் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவரும் என்னைப் பார்ப்பார் என்றா?

அன்றோடு அங்கே நடப்பதை விட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் மாடம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கும் குப்பம்மாவைப் பார்த்தேன். நீங்கள் இல்லை என்று சொன்னேன்.

"நல்ல மனுசன். எனுக்கு மட்டும் ஏன் அப்டி பண்ணாரு?"

டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன் அண்ணா.

இந்தக் கடிதம் அச்சில் வந்தால் போதும் என்றிருந்தேன். ஆனால் குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன். இந்த முறை டீ வருவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

அந்தச் செய்தியை எழுதிய
உங்கள் தம்பி,
ராகவன்