பத்தாம் பாகத்தைக் காணோம்

ஹைமா,

ஸ்வீடன் கொலைக்கதைத் தொடரில் ஒன்பது பாகத்திலும் இருபதாம் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். பத்தாவதிலும் பிடித்துவிட்டேன்: தபால்காரன். ஞாயிற்றுக்கிழமை தபால் கொண்டுவருகிறான்! முப்பத்தாறு வருஷம் தபாலாபீசில் இருந்தவனை ஏமாற்ற முடியுமா?

"ஸ்வீடன் தபால்காரனைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"னு சிரித்தாய். மறுநாளே புத்தகத்தைக் காணோம். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒன்பதாம் பாகத்தில் மஞ்சள் பூசிய விரல்ரேகை வேறு. நான் சமைப்பதில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு வேர்க்கடலை வாங்கப் போகிறேன். சாவி துளசித்தொட்டிக்கு அடியில். சட்னி ஜாஸ்தி அரைத்து வை.

— சாம்பமூர்த்தி

பி.கு.: நான் வருவதற்குள் புத்தகம் மேஜைக்கு வந்துவிட்டால் மன்னிப்பு உண்டு.

(கீழே, ஹைமவதியின் கையெழுத்தில்)

எடுத்தது நான்தாங்க. நீங்க சொன்னது பொய்னு காட்டத்தான் எடுத்தேன். கடைசிப் பக்கம்வரை படிச்சுட்டேன். நிஜமாவே தபால்காரன்தான்.