ஒவ்வொரு ‘இல்லை’க்கும் ஒரு மெழுகுவத்தி

என் கப்பல்காரருக்கு,

போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் உங்கள் கப்பலில் வேலைக்கு ஏறப்போகும் சாலமன் கையில், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் காலிலும் நீலம் நீலமாகக் கன்றியிருக்கிறது. எதிர்வீட்டு ரோசி பார்த்துவிட்டு, "இன்னாக்கா, மாமா கப்பல்ல இருந்தே கைய நீட்டறாரா?" என்றாள். ராயபுரத்தில் உங்கள் மானமும் கப்பலேறிவிட்டது.

ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் பாதாளத்துக்கு இறங்கியிருக்கின்றனவாம். தெருவே கூடி டெங்கு என்று முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாற்றை என் வாயில் ஊற்றியது. டெங்கு இல்லையென்று லேபில் சொன்னதும் ரோசி கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஈரலில் கோளாறு இல்லை என்றதும் இன்னொன்று.

டாக்டரம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. உடம்பே தன் தட்டணுக்களை எதிரியென்று நினைத்து அழிக்கிற நோய் ஒன்று இருக்கிறதாம். என் வாய்தான் எனக்கு எதிரி என்பார் உங்கள் அம்மா. இப்போது ரத்தமும் சேர்ந்துகொண்டது போல. அதை ஒரே டெஸ்டில் கண்டுபிடிக்க முடியாதாம். மற்றதெல்லாம் இல்லை, இல்லை என்று வந்தால்தான் அது. ரோசி ஏற்றும் ஒவ்வொரு மெழுகுவத்திக்கும் அது ஓரடி கிட்டே வருகிறது. அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நாளை கடைசி ரிப்போர்ட். என்னவென்று ஜெபிப்பது என்றே தெரியவில்லை. பல் துலக்கும்போது ரத்தம் வருவதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

நீங்கள் வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊர்க்கதையெல்லாம் எழுதிவிட்டேன், அது மட்டும் எழுத வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி