குழாயில் இரண்டு பேர்

என்னங்க,

காலையிலேயே பரிசோதனைக்கூடத்திலிருந்து போன். பாப்பாவின் எச்சில் குழாயில் இரண்டு பேருடைய மரபணு இருக்கிறதாம்! அவளைக் கேட்டால், "எனக்கு எச்சிலே வரலம்மா, மீதிய அப்பாதான் துப்புனாங்க" என்கிறாள். பல் டாக்டரிடம் இதைச் சொல்வதற்குள் எனக்கு மானமே போய்விட்டது. கோடு வரை நிரம்பினால் போதும் என்று நினைக்க அது என்ன பால் டம்ளரா? எந்த மரபணுக் கோளாறால் அவள் பல்லின் எனாமல் இப்படிப் பெயர்கிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு என்ன வைத்தியம் என்று சொல்வார்களாம். இப்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

புதுக் குழாய் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவளையே துப்பச் சொல்லுங்கள். அவள் அழுதாலும் சரி, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன்: நீல மூடிக் குழாய் உங்களுக்கு. ஒப்பிட்டுப் பார்க்க அப்பா, அம்மா இருவருடையதும் வேண்டுமாம். நேற்று "எல்லாம் உங்க வம்சத்துப் பல்லு" என்று நான் கத்தியதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. என் குழாயை இப்போதுதான் பாதி நிரப்பினேன். ஒருவேளை என் பக்கத்திலிருந்து வந்திருக்குமோ என்று நினைத்ததுமே வாய் உலர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சொட்டு ஊறவில்லை. பஸ்ஸையும் விட்டுவிட்டேன். மீதியைத் துப்பித் தர நீங்களும் பக்கத்தில் இல்லை.