வேகம் இறங்கும்போது கலைந்த தண்ணீர்

என் அருமை தாஸ் அண்ணா,

நேற்று தண்ணீர் கலைந்தது. நீங்கள் சொன்ன அதே இடத்தில், குழாயின் குறுகலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். இந்த முறை உங்கள் கண்ணாடிக் குழாயில் அல்ல, என் கம்ப்யூட்டரில்.

ஞாபகம் இருக்கிறதா? லேபில் நீங்கள் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயம் விடுவீர்கள். நாடித்துடிப்பு மாதிரி ஏறி இறங்கும் அதே ஓட்டத்தை நான் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பேன். "வேகம் ஏறும்போது நூல் புடிச்ச மாதிரி போவுதும்மா. இறங்கும்போதுதான் குபுக்குனு கலையுது, அப்புறம் திரும்ப சேர்ந்துக்குது" என்றீர்கள். என் திரையிலோ ஓட்டம் கலையவே இல்லை.

எனக்கென்ன திமிர்! எல்லோர் முன்னாலும், "உங்க கை நடுங்குது அண்ணா, அதான் சாயம் கலையுது" என்றேன். நீங்கள் குழாயைக் கழற்றிக் கழுவி மூன்று தடவை மாட்டினீர்கள். மூன்று தடவையும் கலைந்தது. அடுத்த வாரமே லேபை விட்டு ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள். நான் தடுக்கவில்லை.

தப்பு என்னுடையது அண்ணா. நான் கம்ப்யூட்டரில் விட்டது இம்மியளவும் சலனமில்லாத தண்ணீர். அப்படிப்பட்ட தண்ணீர் எந்தக் குழாயில் இருக்கிறது? நேற்று ஓட்டத்தின் தொடக்கத்தில் மிகச் சின்ன ஓர் அசைவைச் சேர்த்தேன், அவ்வளவுதான். வேகம் இறங்கியதும் கலைந்தது. ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல் சேர்ந்துகொண்டது. கை நடுங்கியிருந்தால் ஏறும்போதும் கலைந்திருக்க வேண்டுமே! இந்தச் சின்ன விஷயம்கூட எனக்கு அன்றைக்கு ஏன் உறைக்கவில்லை?

உங்கள் சாவுக்கு மர்பி டவுன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கை நடுங்குது, கை நடுங்குதுன்னு அவரே சொல்லிக்குவாரும்மா. கடைசி வரைக்கும் டீ கிளாஸ ரெண்டு கையாலதான் புடிச்சாரு. எனக்கு ஒண்ணும் நடுங்கற மாதிரி தெரியல" என்றார்கள்.

உண்மையைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அல்சூர் ஏரி வரைக்கும் நடந்தே வந்து அங்கே நின்று அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்?

இதைப் பற்றி எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். ஆனால் அதை அண்ணி படிக்கப் போவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். "அவர் கை நடுங்கவே இல்லை அண்ணி, நான்தான் அப்படிச் சொன்னேன்" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். வெளியே போ என்றாலும் சொல்லாமல் திரும்ப மாட்டேன்.

நீங்கள் அன்றைக்கே திட்டியிருக்க வேண்டிய தங்கை,
கீதா