நகராத எக்பர்ட்

ஆமாம் வீப்கெ, நீ செய்தியில் பார்த்த எக்பர்ட் நம் எக்பர்ட்தான், உன் அப்பாவேதான். இங்கே குளிரைத் தவிர மற்றதெல்லாம் நலம், அங்கே உலகின் மறுகோடியில், வெலிங்டனில் கோடை வெயிலைத் தவிர உனக்கும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். தவறு என்னுடையது. எழுதிக் கேட்டால் வானிலைக்கு நம் ஆள் பெயரை வைப்பார்களே, அவருடைய அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அதைத்தான் பெர்லின் வானிலை நிலையத்துக்கு எழுதிப்போட்டேன். காற்றழுத்தத் தாழ்வு வேண்டாம், புயல் மழைக்கா அப்பா பெயர். உயர் காற்றழுத்தம் என்றால் நீல வானம், வெயில். ஜனவரியில் அதற்கு வேறு அர்த்தம் என்று தோன்றவில்லை.

எக்பர்ட் சுவீடன் மேல் வந்து உட்கார்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஓடையில் பாறை மாதிரி. மேற்கே கடலிலிருந்து வரும் இளஞ்சூட்டுக் காற்று அவர்மேல் முட்டி, சுற்றிக்கொண்டு வேறெங்கோ போகிறது. அவருடைய தெற்கு விளிம்பு வழியாக ரஷ்யக் குளிர் நேராக நம் சமையலறைக்கு. மேகமே இல்லை, தரையின் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. மைனஸ் பதினேழு. முதலில் அப்பாவுக்குப் பெருமை, வரைபடத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். பிறகு பக்கத்து வீட்டு டீட்யன் அம்மாளின் தண்ணீர்க் குழாய் உறைந்தது. வாளியோடு வந்து, "உங்க வீட்டுக்காரரக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன்" என்றார். சோபாவிலிருந்தே நகர்த்த முடியவில்லை, சுவீடனிலிருந்து எப்படி என்றேன். ரொட்டிக்கடையில், "என்ன எக்பர்ட் சார், இன்னும் எத்தன நாள் இருக்கறதா உத்தேசம்?" என்கிறார்கள். இவர் தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்குங்க, என்னாலதான்" என்கிறார். நிஜமாக. தெரு முழுவதும் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. செப்டம்பரில் உன்னை வழியனுப்ப ரயிலடிக்கு வராததற்கு இன்னும் ஒரு வார்த்தை இல்லை. "அவளே முதல்ல கூப்பிடட்டும்" என்கிறார். நீயும் அதையேதான் எழுதுகிறாய். நடுவில் நான், சுற்றிக்கொண்டு போகும் காற்று. வெள்ளிக்கிழமை ஒரு தாழ்வு வந்து எக்பர்ட்டைத் தள்ளுமாம், வானொலியில் சொன்னார்கள். இந்த வகை லேசில் நகராதாம். யாராவது இடிக்க வேண்டுமாம்.

குறையொன்றும் இல்லாமல் இரு, கண்ணே. வெளியே போகும்போது தொப்பி போடு.

உன் அம்மா,
இர்ம்கார்ட்

பி.கு.: உறையை இன்னும் ஒட்டவில்லை. உன் எண்ணை அழுத்தி, போனை அவர் மடியில் வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.