பின்வாசலைப் பார்க்காதவன்

செவ்வாய், ரஜப் பிறை ஏழு

இன்று பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம். பின்பக்கம் நான், மருமகள் மர்ஜானா, பக்கத்து வீட்டு ஆயிஷா, இன்னும் ஒன்பது பெண்கள் இருந்தோம். முன்பக்கம் மருத்துவக் கல்லூரிப் பெரிய டொக்டர், ஒரு லேடி டொக்டர், படிக்கிற பொடியன்கள். அவர்களில் என் தங்கையின் பேரன் நசீரும் ஒருவன்.

மர்ஜானாவின் மார்பில் கட்டி கண்டு மூன்று மாதம். ஆண் டொக்டரிடம் காட்ட மாட்டேன் என்று அழுதவள், லேடி டொக்டர் வருகிறார் என்றதும்தான் சம்மதித்தாள். எங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கப்படி பின்வாசலால் போய்ப் பின் வகுப்பறையில் காத்திருந்தோம். நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்ன பிறகு, டொக்டர்மாரின் வான் வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. ஓடினேன். நசீர் மட்டும், டொக்டர்மார் உட்கார்ந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"லேடி டொக்டர் எங்கடா?"

"போயிட்டாங்க மூத்தம்மா. பொம்புளையள் ஒருத்தரும் வரல்லயே. எங்கட பொம்புளையள் வெக்கப்படுவாங்க, வரமாட்டாங்க எண்டு நான்தான் பெரிய டொக்டர் சேரிட்டச் சொன்னன்."

"பின்னுக்கு வந்து பாத்தியாடா? உன்ட உம்மா எந்த வாசலால வாறவ?"

அவன் குனிந்து அடுத்த கதிரையை எடுத்தான். பின்தங்கிய மாவட்டம் என்று எங்களுக்கு அரசு ஒதுக்கிய இடத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் போனவன். இடம் கிடைத்த அன்று ஊருக்கே சோறு கொடுத்தோம்.

அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று கேட்டேன். தெரியாதாம். மர்ஜானா இனி எவரிடமும் காட்ட மாட்டாளாம், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

டொக்டர்மார் வெளியூர்க்காரர். அவர்களுக்கு எங்கள் வாசல் தெரியாது. நான் மன்னிக்காதது நசீரை.